எரிபொருள் மானியம் யாருடைய கைக்குப் போகிறது?

எரிபொருள் தட்டுப்பாடு வரும்போதெல்லாம் ‘பாதிக்கப்பட்ட தொழில்களுக்கு அரசு உதவும்’ என்ற அறிவிப்பும் பின்னாலேயே வந்துவிடுகிறது. அந்த உதவி எந்த வடிவில் வருகிறது, எந்த வழியாக வருகிறது, கடைசியில் யாரிடம் போய்ச் சேருகிறது என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. 2022ஆம் ஆண்டு நமது நாடு பட்ட பாட்டை வைத்தே இதனை விளங்கிக்கொள்ள முடியும்.

அந்த ஆண்டு ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக இலங்கை அறிவித்தது. கையில் டொலர் இல்லை. டொலர் இல்லாததால் எண்ணெய்க் கப்பல் இல்லை. இந்தியா வழங்கிய 500 மில்லியன் டொலர் எரிபொருள் கடன் வசதி சில மாதங்களுக்கு மூச்சுவிட உதவியது. அதுவும் தீர்ந்த பிறகு, ஜூன் 27 நள்ளிரவு முதல் ஜூலை 10 வரை சுகாதாரம், துறைமுகம், உணவு விநியோகம் போன்ற அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது. வரிசையில் நின்றவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

இப்படிப்பட்ட நேரத்தில் அரசு செய்யக்கூடிய உதவியில் இரண்டு வகை உண்டு. ஒன்று, இருக்கிற எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுப்பது. மற்றது, விலையின் ஒரு பகுதியைத் தான் ஏற்றுக்கொள்வது. எண்ணெய் நிலையத்தில் ஒரு சொட்டும் இல்லாதபோது மானியப் பணத்தால் பிரயோசனம் இல்லை. எண்ணெய் வந்துவிட்ட பிறகு, வாங்கவே முடியாத விலையில் பங்கீட்டு அட்டை இருந்தும் பிரயோசனம் இல்லை. எந்த நேரத்தில் எது தேவை என்பதில்தான் 2022இல் பலருடைய தொழில் நின்றதும் ஓடியதும் தங்கியிருந்தது.

முதல் வகைக்கு உதாரணம் கியூஆர் முறை. ஜூலை நடுப்பகுதியில் அறிமுகமான தேசிய எரிபொருள் அனுமதி அட்டையின்படி ஆரம்பத்தில் வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றரும் முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றரும் காருக்கு 20 லீற்றரும் ஒதுக்கப்பட்டன. நாட்கணக்கில் நீண்ட வரிசைகளைக் குறைத்தது இந்த முறைதான். அதனை மறுக்க முடியாது. ஆனால் முச்சக்கர வண்டி ஓட்டுநரின் கணக்கைப் பாருங்கள். லீற்றருக்கு 25 கிலோமீற்றர் என்று வைத்தாலும் ஐந்து லீற்றருக்கு 125 கிலோமீற்றர்தான். ஒரு வாரத்துக்கான பிழைப்பு அவ்வளவு தூரத்துக்குள் அடங்க வேண்டும். ஒதுக்கீடு பின்னர் படிப்படியாகக் கூட்டப்பட்டு, 2023 செப்டெம்பர் 1 முதல் அந்த முறையே நிறுத்தப்பட்டது.

ஏற்றுமதித் தொழில்களுக்கு வேறு வழி திறந்தது. டொலரில் பணம் செலுத்தக்கூடிய நிறுவனங்கள் உறுதியான ஒதுக்கீட்டைப் பெற்றுக்கொள்ள அனுமதிக்கப்பட்டன. நாட்டுக்கு டொலர் தேடித் தருபவர்களைக் காப்பாற்ற வேண்டும் என்ற நியாயம் அதில் இருந்தது. ஆனால் சம்மாந்துறை அரிசி ஆலைக்காரரும் ஊர்ச் சந்தியில் பேக்கரி நடத்துபவரும் ரூபாயில் உழைப்பவர்கள். அவர்களுக்கு அந்தக் கதவு இல்லை.

இனி கடலுக்கு வருவோம். கல்முனை முதல் ஒலுவில் வரையும், மூதூர், கிண்ணியா, மன்னார், கற்பிட்டி என்றும் நம்மவர்கள் பலருடைய சோறு கடலில்தான் இருக்கிறது. பல நாட்கள் தங்கித் தொழில் செய்யும் பெரிய படகுகள் டீசலில் ஓடுகின்றன. கரையோரத்தில் ஓடும் சிறிய ஃபைபர் படகுகளின் எஞ்சின்களுக்குப் பெரும்பாலும் மண்ணெண்ணெய். நமது மண்ணெண்ணெயில் பெரும்பகுதி சபுகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வருவது. மசகு எண்ணெய் வாங்கப் பணமின்றி அந்த நிலையம் மூடப்பட்டபோதெல்லாம் சிறிய படகுகளும் கரையில் கிடந்தன.

எண்ணெய் மீண்டும் வந்தபோது விலை வேறாக இருந்தது. 2022 ஆகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாயானது. மலிவு மண்ணெண்ணெயைத் தொழிற்சாலைகளும் டீசலில் கலப்பவர்களும் பயன்படுத்துகிறார்கள், கூட்டுத்தாபனம் நட்டத்தில் விற்கிறது என்பது அரசு தரப்பு நியாயம். அது பொய்யல்ல. விலையைக் குறைத்து எல்லோருக்கும் கொடுப்பதற்குப் பதிலாக, மீனவர்களுக்கும் தோட்டத் தொழிலாளர்களுக்கும் வருமானம் குறைந்த குடும்பங்களுக்கும் நேரடியாகப் பணம் கொடுக்கப்போவதாக அப்போதைய மின்சக்தி, எரிசக்தி அமைச்சர் கஞ்சன விஜேசேகர சொன்னார். விலை அன்றிரவே ஏறியது. கொடுப்பனவுக்கோ பட்டியல் வேண்டும், படிவம் வேண்டும், கையொப்பம் வேண்டும். இந்த இடைவெளியில்தான் சிறு தொழில்காரர் கடனாளியாகிறார்.

மண்ணெண்ணெய் விலையில் அரசுகள் கை வைத்துச் சுட்டுக்கொண்டது இது முதல் தடவையல்ல. 2012 பெப்ரவரியில் விலையேற்றத்தை எதிர்த்துச் சிலாபத்தில் நடந்த ஆர்ப்பாட்டத்தில் துப்பாக்கிச் சூட்டில் மீனவர் ஒருவர் உயிரிழந்தார். 2018 மே மாதம் 44 ரூபாயிலிருந்து 101 ரூபாயாக ஏற்றப்பட்ட விலை, எதிர்ப்பு எழுந்ததும் அடுத்த மாதமே 70 ரூபாயாக இறக்கப்பட்டது.

2022இன் இறுதியில் சீனா ஒரு கோடி லீற்றருக்கும் அதிகமான டீசலை விவசாயிகளுக்கும் மீனவர்களுக்குமாக நன்கொடை அளித்தது. விவசாயிகளும் டீசல் படகுக்காரர்களும் பயனடைந்தார்கள். மண்ணெண்ணெய்ப் படகுக்காரர் அந்த டீசலைத் தனது எஞ்சினில் ஊற்ற முடியாது.

2024 ஒக்டோபரில் புதிய அரசாங்கம் மீன்பிடிப் படகுகளுக்கு லீற்றருக்கு 25 ரூபாய் மானியம் அறிவித்தது. மண்ணெண்ணெய்ப் படகுக்கு நாளொன்றுக்கு 15 லீற்றர், மாதத்தில் 25 நாட்கள். அதாவது மாதம் கூடியது 9,375 ரூபாய். அப்போது மண்ணெண்ணெய் 183 ரூபாய். ஆகவே மானியம் விலையில் ஏழில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. சிறியதுதான், ஆனால் ஒன்றுமில்லாததல்ல.

அந்தப் பணம் படகின் பதிவு எண்ணுக்குப் போனது. அதாவது படகு முதலாளிக்கு. படகில் போகிறவர்களின் கூலியோ பங்கு முறையில் தீர்மானிக்கப்படுகிறது: மீன் விற்ற பணத்தில் எண்ணெய், ஐஸ், சாப்பாடு ஆகிய செலவுகளை முதலில் கழித்து, மிச்சத்தை முதலாளியும் தொழிலாளர்களும் பிரித்துக்கொள்கிறார்கள். விகிதம் ஊருக்கு ஊர் மாறும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நாள் மீன் 12,000 ரூபாய்க்குப் போகிறது என்றும், எண்ணெய் தவிர்ந்த செலவு 1,500 என்றும், மிச்சம் பாதிப் பாதி என்றும், படகில் இரண்டு தொழிலாளர்கள் என்றும் வைத்துக்கொள்வோம். மண்ணெண்ணெய் 87 ரூபாயாக இருந்தபோது 15 லீற்றருக்கு 1,305 ரூபாய்; தொழிலாளி ஒருவருக்கு ஏறத்தாழ 2,300 ரூபாய் மிஞ்சும். 340 ரூபாயானதும் எண்ணெய்ச் செலவு 5,100. அவர் கைக்கு வருவது 1,350. மீன் அதே மீன், உழைப்பு அதே உழைப்பு. விலையேற்றத்தில் பாதியை, எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லாத இந்த இருவரும்தான் சுமக்கிறார்கள்.

ஆனால் 2024இல் மானியமாக அறிவிக்கப்பட்ட 375 ரூபாய் கரையில் நடக்கும் இந்தக் கணக்குக்குள் வந்ததா? எண்ணெய்ச் செலவில் அதனைக் குறைத்துக் கணக்குப் பார்த்தால் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு 94 ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும். எண்ணெய் நிலையத்தின் முழு விலையையே கழித்துவிட்டு, மானியம் பிறகு வங்கிக்கு வந்தால் அது முழுவதும் முதலாளியுடையது. எல்லா முதலாளிமாரும் அப்படிச் செய்கிறார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. படகின் கடனையும் எஞ்சின் பழுதையும் தனியே சுமப்பவர்கள் அவர்கள். ஆனாலும் உதவித் திட்டம் எஞ்சினைப் பார்த்து எழுதப்பட்டிருந்தது, ஆளைப் பார்த்து எழுதப்படவில்லை. வாடகைக்கு எடுத்து முச்சக்கர வண்டி ஓட்டுபவர், சைக்கிளில் மீன் விற்பவர், ஐஸ் உடைப்பவர், ஆலையில் மூட்டை தூக்குபவர் எல்லோருடைய நிலையும் இதுதான். தொழில் நின்றால் முதலில் நிற்பது அவர்களுடைய அடுப்பு.

கடன் சலுகையும் இதே போலத்தான். 2022இல் பாதிக்கப்பட்ட கடனாளிகளுக்குத் தவணையில் சலுகை வழங்குமாறு மத்திய வங்கி வங்கிகளைக் கேட்டுக்கொண்டது. தவணை தள்ளிப்போகும்போது வட்டியும் நின்றுவிடுவதில்லை. வங்கியில் கணக்கே இல்லாமல், பிடிக்கும் மீனை அவருக்கே விற்கும் நிபந்தனையில் வியாபாரியிடம் முற்பணம் வாங்கியவருக்கு அந்தச் சலுகையும் கிடையாது.

ஆகவே அடுத்த மானிய அறிவிப்பு வரும்வரை காத்திராமல் இப்போதே செய்யக்கூடியவை சில இருக்கின்றன. படகின் பதிவும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய தொழில் அனுமதிப் பத்திரமும் நடப்பில் இருக்கின்றனவா என்று கடற்றொழில் பரிசோதகரிடம் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். படகு கைமாறியிருந்தால் பதிவிலும் பெயரை மாற்றுங்கள். இல்லாவிட்டால் பணம் பழைய உரிமையாளருக்குப் போகும். மீனவர் சங்கங்கள் படகுகளின் பட்டியலோடு அவற்றில் தொழிலுக்குப் போகிறவர்களின் பட்டியலையும் வைத்திருப்பது நல்லது. தொழிலாளருக்கும் பங்கு கேட்டு அதிகாரிகளிடம் பேசும்போது கையில் ஒரு தாள் இருக்கும். மானியத்தை எண்ணெய்ச் செலவில் கழித்துத்தான் பங்கு பிரிப்பது என்று சங்கக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் எழுதிக்கொள்ளலாம். அதற்குக் கொழும்பின் அனுமதி தேவையில்லை.