மலர்ச் சித்திரமே ஆசான்

ஆம்ஸ்டர்டாம் நகரில் 1682 முதல் 1749 வரை வாழ்ந்து, பூங்கொத்துகளைத் தைலவர்ணத்தில் தீட்டுவதில் ஐரோப்பா முழுவதும் கீர்த்தி பெற்ற யான் வான் ஹாய்சம், தாம் வர்ணம் கலக்கும் விதத்தையும் பூசும் கிரமத்தையும் பிறர் அறிந்துவிடலாகாது என்று கருதி, உடன்பிறந்த சகோதரர்களைக்கூடத் தமது சித்திரக்கூடத்துக்குள் அனுமதிக்கவில்லை என்று சொல்வார்கள். அவரிடம் நேரே பயின்றவராக நாம் அறிந்தவர் மார்கரெட்டா ஹாவர்மன் என்னும் பெண்மணி ஒருவரே. ஆயினும், கதவை அடைத்துக்கொண்டு அவர் காத்த வித்தையின் பெரும்பகுதி அவருடைய சித்திரங்களிலேயே பொதிந்து கிடக்கிறது. அவற்றில் ஒன்றை முன்னே வைத்துக்கொண்டு பொறுமையோடு பிரதி செய்கிறவருக்கு, அந்த ஆசான் எதையும் ஒளிப்பதில்லை.

பிறர் சித்திரத்தைப் பார்த்து வரைவது இழுக்கு என்று எண்ண வேண்டியதில்லை. பாரிஸ் லூவர் காட்சிசாலை 1793-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட காலம் முதற்கொண்டே, சித்திரக்காரர்கள் அங்கே வந்து பிரதி செய்ய இடமளித்திருக்கிறது. பிரதியின் அளவு அசலின் அளவாக இருக்கலாகாது என்பது அங்குள்ள விதி. இந்த விதியே மாணவனுக்கு முதற்பாடமாகிறது. அளவு மாறும்போது, அசலின் மேலும் கித்தானின் மேலும் ஒரே எண்ணிக்கையில் கட்டங்கள் வகுத்துக்கொண்டு, எந்தப் பூ எந்தக் கட்டத்தில் எவ்வளவு சாய்ந்து நிற்கிறது என்று நிதானிக்க வேண்டியிருக்கிறது; அப்படி நிதானிக்கும்போதுதான், ஏனோதானோவென்று அள்ளிச் செருகியதாகத் தோன்றிய பூங்கொத்து எவ்வளவு யோசித்து அமைக்கப்பட்டது என்பது புலனாகிறது.

தொடங்கியவுடன் இதழ் இதழாக வரையும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். கண்ணைச் சற்று இடுக்கிப் பார்த்து, ஒளி விழும் பகுதி இது, நிழலில் அமிழ்ந்த பகுதி இது என்று பிரித்து, டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்த பழுப்பு வர்ணத்தால் அவற்றை மட்டும் முதலில் இட வேண்டும். மேலே வரும் ஒவ்வொரு பூச்சிலும் ஆளிவிதை எண்ணெய் சிறிது சிறிதாகக் கூட வேண்டுமே தவிரக் குறையலாகாது. தைலவர்ணம் தண்ணீர் வர்ணத்தைப் போல ஆவியாகி உலர்வதன்று; காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று மெல்ல இறுகுவது. எண்ணெய் மிகுந்த அடிப்பூச்சு இறுகுமுன் எண்ணெய் குறைந்த மேற்பூச்சு விறைத்துவிட்டால், பின்னாளில் சித்திரம் வெடித்துப்போகும்.

ஹாய்சமின் இதழ்களில் உருளும் பனித்துளி ஒன்றைப் பிரதி செய்து பார்த்தால், கண் எவ்வளவு ஏமாறுகிறது என்பது தெரியும். துளிக்கென்று தனி நிறம் கிடையாது. அது இதழின் நிறமேதான். வெளிச்சம் வரும் பக்கம் பிரகாசமாயிருக்கும் என்று நாம் நினைக்கிறோம். அங்கே இதழின் நிறம் சற்றுக் கறுத்து, அதன் நடுவில் ஊசிமுனையளவு வெள்ளை மட்டும் மின்னுகிறது. துளிக்குள் புகுந்த ஒளியோ எதிர்ப்பக்கத்தில் சென்று தேங்குகிறது. அதற்கப்பால் மெல்லிய நிழல் விழுகிறது. நினைப்பதை வரையாமல் காண்பதை வரையும் இந்தப் பழக்கமே பிரதி செய்வதன் முழுப்பயன்.

அசலையும் அறிவோடு பார்க்க வேண்டும். பழைய டச்சு மலர்ச் சித்திரங்கள் பலவற்றில் இலைகள் நீலமாகக் காண்கின்றன. பச்சை வேண்டித் தாவரச் சாயத்திலிருந்து எடுத்துச் சேர்த்த மஞ்சள், ஒளிபட்டு வெளிறிப்போய் நீலம் மட்டும் எஞ்சியதே காரணம். காலம் செய்த மாறுதலைக் கலைஞனின் கருத்தென்று கொள்ளலாகாது.

பிரதி செய்வதால் சொந்தக் கை மழுங்கும் என்ற அச்சமும் வேண்டாம். 1836-இல் பிறந்த ஆன்றி ஃபாந்தேன்-லாத்தூர், லூவரில் ஆண்டுக்கணக்காகப் பழைய சித்திரங்களைப் பிரதி செய்தவர். பின்னர் அவர் தீட்டிய ரோஜாக்களை வேறொருவருடையவை என்று யாரும் மயங்கியதில்லை.

ஆகையால், சித்திரம் பயில விரும்பும் அன்பர்கள் நல்ல அச்சுப்படம் ஒன்றைத் தேடி எடுத்து, பூங்கொத்து முழுவதையும் அல்ல, அதில் ஒரேயொரு ரோஜாவை மட்டும் முதலில் பிரதி செய்யுங்கள். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். அவை தாமே சூடேறித் தீப்பற்றக்கூடும். கித்தானின் பின்புறம் அசலை வரைந்தவர் பெயரை மறவாமல் எழுதுங்கள். அது முடிந்தபின் அச்சுப்படத்தை உள்ளே வைத்துவிட்டு, உங்கள் தோட்டத்தில் பூத்த பூ ஒன்றை எதிரே வைத்து வரையத் தொடங்குங்கள். பிரதி செய்து கற்றதெல்லாம் அதற்காகத்தான்.