மூச்சுக் காற்றுக்கு ஒரு கம்ப்ரஸர்

காவிரிக் கரையோரப் பகுதியில், ஒகேனக்கல்லுக்கு அண்மையில் உள்ள கோபிநத்தம் தமிழர் மிகுதியாக வாழும் ஊர். முன்பு மைசூர் மாவட்டத்தில் இருந்தது. 1997-இல் சாமராஜநகர் மாவட்டம் பிரிந்தபோது அதனுடன் சேர்ந்தது. அவ்வூர் இளைஞர் ஒருவர் முருடேஸ்வரத்தை அடுத்த நேத்ராணித் தீவில் நீர்மூழ்கப் பழகியவர். ஆற்றில் மூழ்கியவர்களைத் தேடும் பணிக்கு உதவ விரும்பி, முதுகில் சுமக்கும் காற்றுச் சிலிண்டரை ஊரிலேயே நிரப்பச் சிறிய கம்ப்ரஸர் வாங்கலாமா என்று கேட்டார். நான் ரயில்வேயில் பிரேக் கம்ப்ரஸர்களோடு காலம் கழித்தவன். அவருக்குச் சொன்னது மற்றவர்க்கும் பயன்படும் என்பதால் இங்கே தருகிறேன்.

பஞ்சர் கடைக் கம்ப்ரஸர் இதற்கு ஆகாது. ரயிலின் பிரேக் குழாயில் உள்ள அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ. நீர்மூழ்குவோர் சிலிண்டரிலோ அது 200 பாருக்கு மேல், அதாவது நாற்பது மடங்கு. இதை ஒரே மூச்சில் அமுக்கினால் காற்று நெருப்பாய்ச் சுடும். ஆகவே மூன்று கட்டமாக அமுக்குகிறார்கள். ஒவ்வொரு கட்டமும் ஆறு மடங்கு என்றால் 6 x 6 x 6 = 216. கட்டங்களுக்கு இடையே காற்று குளிர்ந்து, அதிலுள்ள நீர் பிரிய வேண்டும்.

தேர்ந்தெடுக்கும் முறை

பரவலாகப் புழங்கும் அலுமினிய சிலிண்டரின் கொள்ளளவு 11.1 லிட்டர், 207 பாரில் ஏறத்தாழ 2,300 லிட்டர் காற்று கொள்ளும். நிமிடத்துக்கு 100 லிட்டர் தரும் சிறு கம்ப்ரஸர் அதை வெறுமையிலிருந்து நிரப்ப 23 நிமிடம் ஆகும். நாளுக்கு இரண்டு, மூன்று சிலிண்டர் என்றால் இதுவே போதும். மைசூரில் வைத்தால் சற்றுக் கூடுதல் நேரம் பிடிக்கும். 770 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு.

மூன்று குதிரைசக்தி மின்மோட்டாரே நல்லது. கிராமத்தில் மின்சாரம் நின்றுபோகுமே என்று பெட்ரோல் எஞ்சினை நாடத் தோன்றும். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

கண்ணுக்குத் தெரியாத எதிரி

எஞ்சின் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை. பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் ரத்தத்தோடு இறுகப் பற்றும். 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மும்மடங்காவதால் நஞ்சின் வீரியமும் மும்மடங்காகும். எனவே ஐரோப்பியத் தரம் பத்து லட்சத்தில் 5 பங்குக்கு மேல் இதை அனுமதிப்பதில்லை.

தூத்துக்குடியில் மூச்சடக்கிச் சங்கு குளித்த தொழிலிலும், படகிலுள்ள கம்ப்ரஸரிலிருந்து குழாய் வழியே சுவாசிக்கும் வழக்கம் பின்னாளில் புகுந்தது. அங்கும் புகையும் எண்ணெய் ஆவியும் நேரே நுரையீரலுக்குப் போகக்கூடும்.

பெட்ரோல் எஞ்சின் தவிர்க்க முடியாததென்றால், காற்றை உறிஞ்சும் குழாயை உயர்த்தி, புகைக்கு எதிர்த்திசையில், காற்று வரும் பக்கமாக வைக்கவும். காற்று திசை மாறினால் உடனே நிறுத்தவும். மோட்டாரானாலும் அடுப்புப் புகையும் சாலைப் புகையும் எட்டாத இடம் வேண்டும்.

இயக்கும் முறை

1. மூச்சுக் காற்றுக்கென்று தயாரிப்பாளர் குறிப்பிட்ட எண்ணெயையே ஊற்றவும். லாரி எண்ணெய் கூடாது.

2. பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை நீர் வடிவால்வைத் திறக்கவும்.

3. பில்டரில் ஈரத்தை உறிஞ்சும் மணிகளும் எண்ணெயைப் பிடிக்கும் கரியும் உள்ளன. கார்பன் மோனாக்சைடை மாற்றும் மருந்துள்ள பில்டரானால், ஈரம் பட்டதும் அம்மருந்து செயலிழக்கும். ஓடிய மணிக்கணக்கை நோட்டில் எழுதி, உரிய நேரத்தில் மாற்றவும். நம் வெயிலில் பில்டரின் ஆயுள் குறையும்.

4. நிரப்பும்போது சிலிண்டர் சூடேறும். 60 டிகிரியில் 207 பார் காட்டியது 27 டிகிரிக்கு ஆறினால் 186 பாராகும். ஆறியபின் மீண்டும் நிரப்புக. சூட்டில் அளவு மீற வேண்டாம்.

5. சோதனைத் தேதி கடந்த சிலிண்டரைத் தொடாதீர்கள். சிலிண்டர் வெடித்தால் குண்டுக்குச் சமம்.

6. பாதுகாப்பு வால்வின் முத்திரையை யாரும் திருகக் கூடாது.

சட்டமும் உண்டு. சிலிண்டரில் அழுத்தக் காற்று நிரப்புவது 2016-ஆம் ஆண்டு வாயு சிலிண்டர் விதிகளுக்கு உட்பட்டது. வாங்குமுன், நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பிடம் உரிமம் பற்றிக் கேட்டறிய வேண்டும்.

முடிவாக ஒன்று. ஆண்டுக்குச் சில முறையே தேவையென்றால் கம்ப்ரஸர் வேண்டாம். நம்பகமான நிலையத்தில் நிரப்பிய நான்கு சிலிண்டர்களைக் கைவசம் வைத்திருப்பதே சிக்கனம், பத்திரம். அடிக்கடி தேவையென்றால், இயந்திரத்தின் பொறுப்பை ஒரே ஒருவரிடம் ஒப்படையுங்கள். பலர் கை பட்ட கம்ப்ரஸரில் நோட்டுப் புத்தகம் முதலில் காணாமற் போகும். பில்டர் மாற்றும் நாள் அதோடு மறந்துபோகும். நீரின் அடியில் இருப்பவர் அந்த ஒருவரின் ஒழுங்கை நம்பித்தான் மூச்சு விடுகிறார்.