படிக்கும் பெண்ணுக்குப் பணம்
(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)



அதிகாலையில் ராஜபாளையம் சாலையில் நூற்பாலை வேன்கள் விரைந்து செல்வதை நாம் நாள்தோறும் காண்கிறோம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் பெண்கள் அவற்றில் வேலைக்குச் செல்கின்றனர். நேற்றுவரை நம் பள்ளிக்கு வந்த அக்காமாரும் அவர்களுள் உண்டு. அவர்களுக்கு அறிவில் குறைவா? இல்லை. வீட்டில் பணம்தான் குறைவு.

பள்ளியில் கட்டணம் இல்லாவிட்டாலும், ஏழை வீட்டுக்குப் படிப்பு இலவசமன்று. நோட்டுக்கும் பேருந்துக்கும் செலவாகும். அதைவிடப் பெரிய செலவு, மகள் வேலைக்குப் போயிருந்தால் வந்திருக்கும் கூலி. அந்தக் கூலியை இழக்கத் துணிந்த தாயே மகளைப் படிக்க அனுப்புகிறாள்.

இதனை உணர்ந்த அரசுகள் பல, படிக்கும் பிள்ளையின் குடும்பத்துக்குப் பணம் கொடுத்துப் பார்த்தன. வங்கதேசம் 1994-இல் கிராமப்புற உயர்நிலைப் பள்ளி மாணவியருக்கு உதவித்தொகை வழங்கியது. நூற்றுக்கு 75 நாள் வருகை, 45 மதிப்பெண், பள்ளி முடியும்வரை திருமணமின்மை ஆகியவை நிபந்தனைகள். மெக்சிகோ 1997-இல் தொடங்கிய திட்டத்தில் பணம் தாயின் கையில் தரப்பட்டது. மேல்வகுப்புகளில் ஆண்களைவிடப் பெண்களுக்குக் கூடுதலாகக் கிடைத்தது. அங்கு உயர்நிலைப் பள்ளிகளில் சேர்ந்த பெண்களின் தொகை உயர்ந்தது.

நம் தமிழகத்திலோ 1989-இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் திருமண உதவித் திட்டம் தோன்றியது. எட்டாம் வகுப்புவரை படித்த ஏழைப் பெண்ணுக்கு 5,000 ரூபாய். பின்னர் தொகையும் உயர்ந்தது, படிப்புத் தகுதியும் உயர்ந்தது. பெண்ணைப் படிக்க வைத்ததில் அதற்குப் பங்குண்டு. ஆயினும் பணம் கைக்கு வந்தது மணமேடையில்தான். நூற்பாலைகள் பலவற்றில் முன்பு 'சுமங்கலித் திட்டம்' என்று சொல்லிப் பெண்களைச் சேர்த்தபோதும், சில ஆண்டு உழைத்தால் திருமணத்துக்கு மொத்தத் தொகை என்றே ஆசை காட்டினர். இரண்டிலும் பெண்ணின் பயணம் முடியும் இடம் ஒன்றே.

2022 செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்று, அந்தத் திருமண உதவி 'புதுமைப் பெண்' திட்டமாக மாறியது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை படித்துக் கல்லூரி சேர்ந்த மாணவியின் வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய். மூன்றாண்டுப் பட்டப்படிப்புக்கு 36,000 ரூபாய்! 2024 டிசம்பரில், அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தோருக்கும் இது விரிந்தது. பணம் கல்யாண வாசலைவிட்டுக் கல்லூரி வாசலுக்கு வந்தது. இதுவே பெரிய மாற்றம் என்போம்.

ஆனால் ஆயிரம் ரூபாய் மில் கூலிக்கு ஈடாகாது. மேலும் அது பள்ளியைக் கடந்து மேற்படிப்பில் சேர்ந்தவளுக்கே உரியது. நம் வகுப்பில் எத்தனை பேர் அவ்வளவு தூரம் வருவோம்? 2011-12-இல் பத்து, பதினொன்றாம் வகுப்புகளுக்குத் தலா 1,500, பன்னிரண்டாம் வகுப்புக்கு 2,000 ரூபாய் என ஊக்கத்தொகை அறிவிக்கப்பட்டது இந்த இடைவெளியை எண்ணியே. அதுவும் பள்ளிப் படிப்பை முடித்த பின்பே கையில் கிடைப்பதாக இருந்தது. வீட்டின் நெருக்கடியோ மாதந்தோறும் வருவது!

எனவே தோழியரே, தேர்வு முடிந்ததும் ஒருத்தி 'இனி நான் வரமாட்டேன்' என்றால், வாளாவிருக்க வேண்டாம். அவள் வீட்டுக்குச் செல்வோம். இந்த உதவிகளை அவள் தாயிடம் எடுத்துச் சொல்வோம். விண்ணப்பம் எழுதத் துணை நிற்போம். அடுத்த ஆண்டு பதினொன்றாம் வகுப்பில் நம் பெஞ்சில் ஓர் இடமும் காலியாக இருத்தல் ஆகாது!