பன்னிரண்டு நிமிஷம் யார் கணக்கில்?

ஆவடியில் தயாராகும் அர்ஜுன் டாங்கி இருக்கிறதே, அதன் உச்ச வேகம் மணிக்குச் சுமார் 70 கிலோமீட்டர். எதிரியைத் துரத்தும்போதே அவ்வளவுதான். அம்பத்தூரில் புதுக் கார் டெலிவரி எடுத்து, நாலு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் நசுக்கி, ஒரு வாரம்கூட ஆகாத நம்ம ஆசாமிக்கோ நசரத்பேட்டையைத் தாண்டினால் 120 போதவில்லை!

''ரோடு கண்ணாடி மாதிரி இருக்கு. கார்ல ஏர்பேக் இருக்கு, ஏ.பி.எஸ். இருக்கு. அப்புறம் எதுக்கு சார் இந்த 80, 100 போர்டெல்லாம்? அந்தக் காலத்து அம்பாஸடருக்குப் போட்ட சட்டம்!''

டீக்கடையில், கம்பெனி பஸ்ஸில், ஆபீஸ் கேன்டீனில் தினமும் கேட்கிற கேள்விதான். அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. ஏனென்றால், இதையே மத்திய அமைச்சரும் கேட்டிருக்கிறார். நம்ம ஹைகோர்ட் அதற்கு நேர் எதிராகப் பதில் சொல்லியிருக்கிறது.

கதை இதுதான். 2018 ஏப்ரல் 6-ம் தேதி மத்திய அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. எக்ஸ்பிரஸ்வேயில் கார்கள் 120 வரை போகலாம். நடுவில் தடுப்பு உள்ள நாலு வழிச் சாலையில் 100. மற்ற சாலைகளில் 70. லாரி என்றால் பெரிய சாலைகளில் 80, மற்றவற்றில் 60.

மூன்று வருஷம் கழித்து, 2021-ல் சென்னை ஹைகோர்ட்டில் நீதிபதிகள் கிருபாகரன், தமிழ்ச்செல்வி பெஞ்ச் அந்த அறிவிப்பையே ரத்து செய்தது. அவர்கள் முன்னால் வந்தது வேக வரம்பு பற்றிய வழக்குகூட இல்லை. காஞ்சிபுரம் மாவட்டத்தில் 2013-ல் நடந்த ஒரு விபத்தில் உடம்பு ஏறக்குறைய முழுதும் செயலிழந்துபோன இளம் பெண் பல் டாக்டரின் நஷ்டஈட்டு வழக்கு. சுமார் 18 லட்சமாக இருந்த நஷ்டஈட்டை ஒன்றரைக் கோடியாக உயர்த்திய நீதிபதிகள், அதோடு விடவில்லை. என்ஜினும் ரோடும் முன்னேறியிருக்கலாம், ஓட்டுகிறவர்கள் விதிகளை மதிப்பதில் முன்னேற்றம் இல்லையே என்றார்கள். வேகத்தைக் குறைத்துப் புது அறிவிப்பு வெளியிடவும் உத்தரவிட்டார்கள்.

அமைச்சர் நிதின் கட்கரி சும்மா இருப்பாரா? எக்ஸ்பிரஸ்வேயில் 140, நாலு வழிச் சாலையில் குறைந்தது 100, இரு வழிச் சாலையில் 80 இருக்க வேண்டும் என்பது தன் கருத்து என்று அதே வருஷம் வெளிப்படையாகச் சொன்னார். வேகம் என்றாலே விபத்து என்கிற மனப்பான்மை நமக்கு இருக்கிறது என்று வருத்தப்பட்டார். எக்ஸ்பிரஸ்வேயில் இரண்டு பக்கமும் தடுப்பு இருக்கிறது, ஒரு நாய்கூட உள்ளே வர முடியாது என்பது அவர் வாதம்.

சும்மா சொல்லக் கூடாது, அவர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. யாருமே மதிக்காத வரம்பு வரம்பே இல்லை. 80 என்று ஒரு போர்டு, நூறு மீட்டரில் 40 என்று இன்னொரு போர்டு, அடுத்ததைக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் மறைத்துக்கொண்டிருக்கும்! எல்லோரையும் குற்றவாளி ஆக்குகிற சட்டத்தால் போலீஸ்காரருக்கு வேலை வருமே தவிர, ஜனங்களுக்குப் பாதுகாப்பு வராது.

ஆனால் அந்த நாய் சமாசாரத்தைக் கொஞ்சம் யோசிக்கலாம். நம்ம பூந்தமல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் போகிற பெங்களூர் நெடுஞ்சாலையில் நாய் மட்டுமா குறுக்கே வருகிறது? மாடு வருகிறது. ஷிப்ட் முடிந்து ஹாஸ்டலுக்குத் திரும்பும் பெண்கள் வருகிறார்கள். ஒரு கிலோமீட்டர் சுற்றிப் போக சோம்பல்பட்டு ராங் சைடில் டி.வி.எஸ். 50 வருகிறது. ஷேர் ஆட்டோ நினைத்த இடத்தில் நிற்கிறது. இந்தப் பக்கம் வண்டலூர் - மீஞ்சூர் அவுட்டர் ரிங் ரோடு, 62 கிலோமீட்டர், ஆறு வழி, சர்வீஸ் ரோடு என்று எல்லா வசதியும் உண்டு. ராத்திரியில் ஓரமாக விளக்கில்லாமல் தூங்குகிற லாரியும் உண்டு.

பெயர்தான் நெடுஞ்சாலை. பாதி தூரத்துக்கு அது கிராமத்துத் தெருவும்தான்!

சரி, அடியேன் பி.காம். எதையும் வரவு செலவு போட்டுப் பார்த்தால்தான் தூக்கம் வரும். முதலில் வரவு. பூந்தமல்லியிலிருந்து வேலூர், ஏறக்குறைய 120 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். எங்கும் நிற்காமல் 100-ல் போனால் 72 நிமிஷம். 120-ல் போனால் 60 நிமிஷம். லாபம் 12 நிமிஷம். அதுவும் ஸ்ரீபெரும்புதூர் பக்கம், வாலாஜா பக்கம் டோல்கேட்டில் முன்னால் நிற்கிறவரின் ஃபாஸ்டாகில் பணம் இருந்தால்! தினமும் ஸ்ரீபெரும்புதூர் வேலைக்குப் போகிறவர் என்றால் 20 கிலோமீட்டருக்கு மிச்சம் 2 நிமிஷம். ஒரு சமோசாவுக்குக்கூடப் பத்தாது.

இப்போது செலவு. பிரேக் சங்கதி பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். வேகம் கூடக் கூட, நிற்கத் தேவையான தூரம் அதன் வர்க்கமாகக் கூடும். நல்ல டயர், காய்ந்த ரோடு, டிரைவர் ஒரே விநாடியில் சுதாரித்துக்கொள்கிறார் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 80-ல் வரும் கார் நிற்கச் சுமார் 58 மீட்டர் வேண்டும். 100-ல் 84 மீட்டர். 120-ல் 114 மீட்டர்.

இன்னொரு விதமாகப் பாருங்கள். இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன. ஒன்று 100-ல், மற்றது 120-ல். 84 மீட்டர் தூரத்தில் ஒரு சைக்கிள்காரர் குறுக்கே வருகிறார். இருவரும் ஒரே நேரத்தில் பிரேக் போடுகிறார்கள். 100-ல் வந்தவர் சைக்கிளை உரசாமல் நின்றுவிடுவார். 120-ல் வந்தவர் அதே இடத்தைக் கடக்கும்போது அவர் முள் இன்னும் 70-க்கு மேலே காட்டிக்கொண்டிருக்கும்! வித்தியாசம் இருபதே கிலோமீட்டர்தான். சைக்கிள்காரருக்கு அதுதான் உயிருக்கும் சாவுக்கும் உள்ள வித்தியாசம்.

ரோட்டைக் கடக்கிறவர் கண்ணிலிருந்தும் பார்க்க வேண்டும். கையில் பையோடு ஒரு பாட்டி தன் பக்கத்து ரோட்டைத் தாண்டி நடுத்தடுப்பை அடைய 7 விநாடி ஆகிறது. அந்த 7 விநாடியில் 80-ல் வரும் கார் 155 மீட்டர் வந்திருக்கும். 120-ல் வரும் கார் 230 மீட்டரைத் தாண்டியிருக்கும். 'தூரத்துல வருது, போயிடலாம்' என்று அவர் போட்ட கணக்கு பழைய வேகத்துக்கான கணக்கு. அவர் கண்ணுக்கு யார் போய் புது நோட்டிஃபிகேஷன் அனுப்புவது?

மத்திய அரசின் புள்ளிவிவரமே பேசட்டும். 2022-ல் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884. விபத்துகளின் எண்ணிக்கையில் நாம்தான் நாட்டிலேயே முதலிடம். மொத்தச் சாவில் 71 சதவிகிதத்துக்குக் காரணம் அதிவேகம் என்று பதிவாகியிருக்கிறது. எஃப்.ஐ.ஆரில் 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்' என்பது மாமூல் வாசகம் என்பதால் ஆடித் தள்ளுபடி மாதிரி 50 சதவிகிதம் கழித்துவிடுங்கள். அப்படியும் 60,000 பேர் மிச்சம்!

அந்தச் சாவுகளில் நூற்றுக்கு 44 பேர் டூவீலரில் போனவர்கள். 19 பேர் நடந்து போனவர்கள். காரிலும் வேனிலும் போனவர்கள் 12 பேர்தான். புரிகிறதா? 12 நிமிஷ லாபம் கார்க்காரர் கணக்கில் வரவு. நஷ்டம் வேறொருவர் கணக்கில் பற்று. இப்படி எழுதினால் எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார்.

'வெளிநாட்டில் எல்லாம்...' என்று ஆரம்பிப்பவர்களுக்காக ஒரு வெளிநாட்டுக் கதை. பெட்ரோல் தட்டுப்பாடு வந்ததால் 1974-ல் அமெரிக்கா நாடு முழுதும் மணிக்கு 55 மைல், அதாவது 88 கிலோமீட்டர்தான் என்று வரம்பு போட்டது. மிச்சப்படுத்த நினைத்தது பெட்ரோல். மிச்சமானது உயிரும்தான். 1973-ல் 54,000 ஆக இருந்த சாலைச் சாவு அடுத்த வருஷமே 45,000 ஆனது. ஜனங்கள் வண்டி எடுத்ததே குறைந்துபோனதும் ஒரு காரணம், ஒப்புக்கொள்ளலாம். 1987-ல் கிராமப்புறப் பெரிய நெடுஞ்சாலைகளில் மட்டும் 65 மைலுக்கு உயர்த்திக்கொள்ளலாம் என்றார்கள். 1995-ல் தேசிய வரம்பையே எடுத்துவிட்டார்கள். இப்படி உயர்த்தியதால் 1993 முதல் 2017 வரை 25 வருஷத்தில் கூடுதலாகச் செத்தவர்கள் ஏறக்குறைய 37,000 பேர் என்று அங்கே இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் நடத்தும் ஆய்வு நிறுவனம் கணக்குச் சொன்னது. அதுவும் பாட்டி குறுக்கே வராத ரோட்டில்!

அவ்வளவு தூரம் எதற்கு? பக்கத்திலேயே பெங்களூர் - மைசூர் சாலை இருக்கிறது. 2023 மார்ச்சில் அமர்க்களமாகத் திறந்தார்கள். மூன்று மணி நேரப் பயணம் ஒன்றரை மணி நேரமானது. அந்த ஒரே வருஷத்தில் நூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. ஆகஸ்ட் 1 முதல் பைக், ஆட்டோ, டிராக்டரை உள்ளே விடாமல் தடுத்தார்கள். 100-க்கு மேல் போனால் கேமரா பிடித்துக்கொண்டது. 2024-ல் சாவு பாதிக்கும் கீழே இறங்கியது. ரோடு அதேதான், கார்களும் அவைதான். பாட்டும் கச்சேரியும் மாறவில்லை, தாளம் போடுகிற ஆள் மட்டும் வந்தார்.

அப்படியானால் 120 கூடவே கூடாதா? கூடும். ஸ்ரீபெரும்புதூரையும் ஹொசகோட்டேயையும் இணைக்கத் திட்டமிட்ட 262 கிலோமீட்டர் பெங்களூர் எக்ஸ்பிரஸ்வேயை 120-ல் போவதற்கென்றேதான் வடிவமைத்திருக்கிறார்கள். டூவீலர் இல்லை, குறுக்கே தெரு இல்லை என்றால் அங்கே போகட்டும். அமைச்சர் சொன்ன நாய்ப் பரீட்சையையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். நாய் நுழைய முடியாத ரோட்டில் வேகத்தைக் கூட்டுங்கள். பாட்டி கடக்கிற ரோட்டில் கூட்டாதீர்கள். கூட்டியே ஆக வேண்டுமென்றால், முதலில் பாட்டிக்கு ஒரு சுரங்கப்பாதை, சர்வீஸ் ரோடு, விளக்கு. அப்புறம் போர்டை மாற்றலாம். போர்டுக்கு ஒரு டப்பா பெயின்ட் போதும், சுரங்கப்பாதைக்குக் கோடிகள் வேண்டும். அதனால்தான் எல்லோருக்கும் போர்டு மேலேயே ஆசை!

2019 ஜூலைக்குப் பிறகு தயாரான எந்தக் காரானாலும் 80-ஐத் தாண்டினால் அவ்வப்போது 'டிங்' என்று ஒரு சத்தம் போடும். 120-ஐத் தாண்டினால் நிறுத்தாமல் கத்தும். சட்டப்படி பொருத்தியது. ''இந்தச் சனியனை எப்படி சார் ஆஃப் பண்றது?'' என்று மெக்கானிக்கிடம் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ரொம்ப சுலபம் சார். வலது காலைக் கொஞ்சம் தூக்கினால் போதும்.