நுரையீரலைக் குறைக்கும் அறுவை சிகிச்சை: ஆய்வுக்கு உடன்படும் நோயாளிக்கு என்ன பாதுகாப்பு?

ரஞ்சன்காவ் (புணே): அஷ்ட விநாயகர் தலங்களில் ஒன்றான மகாகணபதி கோயிலாலும், புணே - அகல்யாநகர் நெடுஞ்சாலையை ஒட்டிய தொழிற்பேட்டையாலும் அறியப்படும் ஊர் ரஞ்சன்காவ். இவ்வூர் அமைந்துள்ள ஷிரூர் வட்டத்துக்கு, அதிகம் பேசப்படாத மற்றொரு அடையாளமும் உண்டு. மருத்துவ ஆய்வுகளில் பங்கேற்றுப் பழகிய கிராமங்கள் இங்குள்ளன.

1970-களில் மருத்துவர் பானு கோயாஜியின் முயற்சியால் இவ்வட்டத்தின் வடு கிராமத்தில் புணே கேஇஎம் மருத்துவமனையின் ஊரக நலத் திட்டம் தொடங்கியது. ரோட்டாவேக் தடுப்பு மருந்து 2011-12-ஆம் ஆண்டுகளில் தில்லி, வேலூர் ஆகிய நகரங்களுடன் இப்பகுதியிலும் பரிசோதிக்கப்பட்டது. மூன்று இடங்களிலுமாக 6,799 குழந்தைகள் அதில் பங்கேற்றனர். 2016-இல் அம்மருந்து தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இடம்பெற்றது.

ஆனால், தடுப்பு மருந்து ஆய்வுக்கு ஒப்புக்கொள்வது வேறு; மார்பைத் திறந்து நுரையீரலின் ஒரு பகுதியை வெட்டியெடுக்கும் ஆய்வுக்கு ஒப்புக்கொள்வது வேறு. தீவிர எம்பிசீமா நோயாளிகள் எதிர்கொள்ளும் கேள்வி இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

இந்நோயில் நுரையீரலின் காற்றறைச் சுவர்கள் சிதைகின்றன. உள்ளே சென்ற காற்று வெளியேற முடியாமல் தேங்குவதால் நுரையீரல் ஊதிப்போய், உதரவிதானத்தை அழுத்துகிறது. மிகவும் சிதைந்த பகுதியை அகற்றிவிட்டால் எஞ்சிய பகுதி நன்கு இயங்கும் என்பதே இவ்வறுவை சிகிச்சையின் அடிப்படை. 1950-களில் ஓட்டோ பிராண்டிகன் முயன்று கைவிடப்பட்ட இம்முறைக்கு, 1990-களில் செயின்ட் லூயிஸ் நகரின் ஜோயல் கூப்பர் மீண்டும் உயிரூட்டினார்.

அமெரிக்கா கற்ற பாடம்: பலன் உறுதியாகாத நிலையிலேயே இச்சிகிச்சை வேகமாகப் பரவியதைக் கண்ட அந்நாட்டின் மெடிகேர் காப்பீட்டுத் திட்டம், 1996-இல் இதற்குப் பணம் அளிப்பதை நிறுத்தியது. ஆய்வில் சேருவோருக்கு மட்டுமே செலவை ஏற்பதாக அறிவித்தது. அறுவை சிகிச்சை வேண்டுமெனில் ஆய்வில் சேர வேண்டும். சேர்ந்தாலும் அது கிடைக்குமா என்பதைக் குலுக்கல் முறைதான் தீர்மானிக்கும். வேறு வழியற்றவரின் சம்மதம் உண்மையான சம்மதமாகுமா என்ற விவாதம் அப்போதே எழுந்தது.

1998-இல் தொடங்கிய தேசிய எம்பிசீமா சிகிச்சை ஆய்வில் 17 மையங்களில் 1,218 பேர் சேர்க்கப்பட்டனர். 608 பேருக்கு அறுவை சிகிச்சையும், 610 பேருக்கு மருந்து சிகிச்சையும் ஒதுக்கப்பட்டன. இரு பிரிவினருக்கும் முன்னதாகவே மூச்சுப் பயிற்சி உள்ளிட்ட மறுவாழ்வுச் சிகிச்சை அளிக்கப்பட்டது.

2001-இல் அதிர்ச்சித் தகவல் வெளியானது. நுரையீரல் திறன் மிகவும் குன்றிய ஒரு பிரிவினரில் அறுவை சிகிச்சைக்கு உட்பட்டவர்களில் 16 சதவீதம் பேர் 30 நாள்களுக்குள் உயிரிழந்தனர். மருந்து மட்டும் பெற்ற அதே நிலையினரில் ஒருவர்கூட இறக்கவில்லை. இதையடுத்து, அத்தகையோரைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டது.

2003-இல் வெளியான இறுதி முடிவின்படி, ஒட்டுமொத்த இறப்பு விகிதத்தில் இரு பிரிவுகளுக்கும் வேறுபாடு இல்லை. எனினும், நுரையீரலின் மேற்பகுதியில் சிதைவு மிகுந்து, உடலுழைப்புத் திறனும் குறைந்திருந்தோருக்கு இறப்பு அபாயம் ஏறத்தாழ பாதியானது. யாருக்கு நன்மை, யாருக்குத் தீங்கு என்பதை அந்த ஆய்வில் சேர்ந்தவர்களே தங்கள் உடலைக் கொண்டு உலகுக்கு உணர்த்தினர்.

இந்தியாவுக்கு அப்படியே பொருந்துமா?: இந்தியாவில் சிஓபிடி எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிகளின் எண்ணிக்கை 1990-இல் 2.81 கோடியாக இருந்து, 2016-இல் 5.53 கோடியாக உயர்ந்ததாக 'லான்செட்' குழும இதழில் 2018-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. எம்பிசீமா இந்நோயின் ஒரு வடிவம்.

மேலை நாடுகளில் இதன் முதன்மைக் காரணம் புகைப்பழக்கம். புகைபிடிக்காதோருக்கு வரும் சிஓபிடி குறித்து புணே மார்பு ஆய்வு அறக்கட்டளையின் சந்தீப் சால்வி, பிரிட்டனின் பீட்டர் பார்ன்ஸ் ஆகியோர் 2009-இல் 'லான்செட்' இதழில் எழுதினர். உலகில் புகைபிடிப்போர் சுமார் 100 கோடி என்றால், விறகு, வறட்டி போன்றவற்றின் புகைக்கு ஆளாவோர் சுமார் 300 கோடி என அவர்கள் சுட்டிக்காட்டினர். அடுப்புப் புகையால் வரும் நோயில் காற்றறைச் சிதைவைவிட மூச்சுக்குழல் பாதிப்பே மேலோங்குவதாகவும் பிற ஆய்வுகள் கூறுகின்றன. எனவே, அமெரிக்க முடிவை இந்தியக் கிராமத்துப் பெண்ணுக்கு அப்படியே பொருத்த இயலாது. இங்கும் ஆய்வு தேவை எனில், அதில் சேருவோருக்குப் பாதுகாப்பும் தேவை.

சட்டம் சொல்வது என்ன?: 2005 முதல் 2012 ஜூன் வரை புதிய மருந்துப் பரிசோதனைகளின்போது 2,644 பேர் இறந்ததாகவும், அவற்றில் 80 இறப்புகளுக்குப் பரிசோதனையே காரணம் என்றும் மத்திய அரசு உச்சநீதிமன்றத்தில் தெரிவித்தது. இந்தூரைச் சேர்ந்த ஸ்வாஸ்த்ய அதிகார் மஞ்ச் அமைப்பு தொடுத்த வழக்கில் வெளிவந்த விவரம் இது. இதன் தொடர்ச்சியாக 2013-இல் இழப்பீட்டு விதிகளும், 2019 மார்ச்சில் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனைகள் விதிகளும் வந்தன.

இவ்விதிகளின் இழப்பீட்டுக் கணக்கில் அடிப்படைத் தொகை ரூ.8 லட்சம். ஆரோக்கியமானவருக்கு இடர்க் குறியீடு 4; ஆறு மாதத்துக்கு மேல் உயிர் வாழ வாய்ப்பில்லாதவருக்கு 0.5. அதாவது, நோய் முற்றியவர் இறந்தால் குடும்பத்துக்குக் கிடைக்கும் தொகை பல மடங்கு குறைவு.

அறுவை சிகிச்சை முறையை மட்டும் சோதிக்கும் ஆய்வுக்கோ அந்தக் கணக்கும் இல்லை. அது மருந்தும் அல்ல, கருவியும் அல்ல. நுரையீரலில் பொருத்தப்படும் வால்வு என்றால் 2017-ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் விதிகள் பொருந்தும். கத்தி மட்டுமே எனில், இந்திய மருத்துவ ஆய்வுக் கவுன்சிலின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகளே துணை. பாதிப்புக்கு இலவச சிகிச்சையும் இழப்பீடும் தரவேண்டும் என அவை கூறினாலும், தொகையை நிர்ணயிப்பது நெறிமுறைக் குழுவே.

ஆய்வில் சேரும் முன் நோயாளி சிலவற்றைக் கேட்டறிய வேண்டும். ஒப்புதல் படிவம் தமக்குப் புரியும் மொழியில் உள்ளதா? பிற மாநிலத் தொழிலாளர் வாழும் ரஞ்சன்காவ் போன்ற இடங்களில் இது முக்கியம். தமக்கு அறுவை சிகிச்சை கிடைக்காமலும் போகலாம் என்பது விளக்கப்பட்டதா? இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் ஆய்வு பதிவாகியுள்ளதா? 2007-இல் தொடங்கிய அப்பதிவேட்டை இணையத்தில் எவரும் பார்க்கலாம். எந்த நிலையிலும் விலகும் உரிமை உண்டு. விலகினாலும் வழக்கமான சிகிச்சையை மறுக்க முடியாது.

மருந்து நிறுவனத்திடம் கேட்டுப் பெறக்கூடிய உரிமையை, அறுவை சிகிச்சை ஆய்வில் சேருபவருக்கும் எழுத்துப்பூர்வமாக வழங்குவது நாடாளுமன்றமும் சுகாதார அமைச்சகமும் முடிக்க வேண்டிய பணியாக எஞ்சி நிற்கிறது.