டீசல் மெக்கானிக் படிப்பு: பணம் கட்டும் முன் விசாரியுங்கள்

ஐந்தாம் படிவம் முடித்த பிள்ளை "மெக்கானிக் படிக்கிறேன்ப்பா" என்றால், தோட்டத்துப் பெற்றோர்களே, சந்தோஷப்படுங்கள். செம்பனைப் பழம் ஏற்றும் லோரியும் டிராக்டரும் டீசலில் ஓடும் வரை அந்தக் கைக்கு வேலை உண்டு. ஆனால், பணம் கட்டும் முன் மூன்று விஷயங்களை விசாரியுங்கள்.

முதலாவது, சான்றிதழ். பள்ளி தன் பெயரில் அச்சடித்துக் கொடுக்கும் தாள் வேறு. மலேசியத் திறன் சான்றிதழான எஸ்.கே.எம். வேறு. எஸ்.கே.எம். வழங்குவது மனிதவள அமைச்சின் ஜே.பி.கே. எனும் திறன் மேம்பாட்டுத் துறை. அதில் 1, 2, 3 என நிலைகள் உண்டு. 4ஆம் நிலை டிப்ளோமா. "இந்தப் படிப்புக்கு எந்த நிலை வரைக்கும் ஜே.பி.கே. அங்கீகாரம் இருக்கு?" என்று கேட்டு, கடிதத்தைக் கண்ணால் பாருங்கள்.

இரண்டாவது, பட்டறை. டீசல் இஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அழுத்தத்தில் சூடேறிய காற்றிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும். எண்ணெய் பம்பும் நோசலும்தான் அதற்கு உயிர். அவற்றைக் கழற்றிப் பூட்டக் கற்றுத் தருகிறார்களா? புதிய லோரிகளில் எண்ணெய் பாய்வதைக் கம்ப்யூட்டர்தான் கவனிக்கிறது. பழுதைக் காட்டும் ஸ்கேனர் கருவி இருக்கிறதா? ஒரு இஞ்சினைச் சுற்றி எத்தனை மாணவர்கள்?

மூன்றாவது, செலவு. அரசாங்கத்தின் ஐ.எல்.பி. பயிற்சிக் கழகங்களில் முதலில் விசாரியுங்கள். தனியார் பள்ளியானால், பி.டி.பி.கே. கடனுக்கு மனுச் செய்ய முடியுமா என்று கேளுங்கள். கடன் இனாம் அல்ல. பிறகு திருப்பிக் கட்ட வேண்டும்.

பிள்ளையையும் கூட்டிக்கொண்டு நேரில் போங்கள். பட்டறைக் கதவைத் திறந்து காட்டத் தயங்கும் பள்ளிக்கு உங்கள் வேர்வைக் காசைக் கொடுக்காதீர்கள்.