இயக்கி பழுதானால் ஒலிபெருக்கிகள் என்ன பாவம் செய்தன?

ஒரு டிவிடி இயக்கி, ஐந்து சிறிய ஒலிபெருக்கிகள், தரையில் வைக்கும் ஒரு பெரிய சப்வூஃபர். 2000-ஆம் ஆண்டுகளில் பல வீட்டு வரவேற்பறைகளில் இடம்பிடித்த 'ஹோம் தியேட்டர்' இதுதான். இத்தொகுப்பில் பெரும்பாலும் முதலில் கைவிடுவது இயக்கியே. அதனுள் சுழலும் மோட்டாரும் தேய்ந்துபோகும் லேசர் கண்ணும் உள்ளன. ஒலிபெருக்கிகளோ பல ஆண்டுகள் தாங்கும்.

எங்கள் வீட்டு இயக்கி வட்டுகளைப் படிக்க மறுத்தபோது, கடைக்காரர் முழுத் தொகுப்பையும் மாற்றச் சொன்னார். அப்பாவோ, "வேறொரு டிவிடி இயக்கி வாங்கி இந்த ஒயர்களைச் சொருகினால் போதாதா?" என்றார். போதாது. பழைய இயக்கியின் வயிற்றுக்குள்தான் ஒலிபெருக்கிகளுக்கு ஆற்றல் தரும் ஆம்ப்ளிஃபையரும் இருக்கிறது. சாதாரண இயக்கியில் அது கிடையாது. ஒயரைச் சொருக இடமும் இராது.

ஆகவே முதலில் ஆம்ப்ளிஃபையர் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியில் உள்ள வானொலியைத் திறந்தாலே தெரிந்துவிடும். எங்களுடையதில் பாட்டு கணீரென்று கேட்டது. பழுது வட்டுப் பகுதியில் மட்டுமே. மலிவான இயக்கி ஒன்றை வாங்கி, பழைய பெட்டியின் பின்புற 'ஆக்ஸ்' துளையில் இணைத்தோம். அதில் இடம், வலம் என்ற இரு தடங்களே வரும். ஆப்டிகல் துளை இருந்தால் 5.1 தடங்களையும் பெறலாம். இப்படியே இரண்டு ஆண்டுகள் ஓட்டினோம்.

பிறகு ஆம்ப்ளிஃபையரும் போனது. அந்த நிலையில் வேண்டியது ஏ.வி. ரிசீவர். வாங்குமுன் ஒலிபெருக்கியின் முதுகில் அச்சிட்டிருக்கும் ஓம் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். இத்தகைய தொகுப்புகளில் 3, 4 ஓம் சகஜம். பல ரிசீவர்கள் 6 அல்லது 8 ஓமுக்கென வடிவமைக்கப்பட்டவை. மின்னழுத்தம் மாறாமல் ஓம் பாதியானால் மின்னோட்டம் இரட்டிப்பாகும். ரிசீவர் சூடேறித் தானே அணைந்துவிடும். நம் நாட்டு வெப்பத்தில், மூடிய அலமாரிக்குள் வைத்தால் கேட்கவே வேண்டாம். எங்கள் ஒலிபெருக்கிகள் 4 ஓம் என்பதால், 4 ஓமை ஏற்கும் என்று கையேட்டில் எழுதியிருந்த ரிசீவரையே தேடி வாங்கினோம். வாட் கணக்கை விட இதுவே முக்கியம் என்பேன்.

பலர் தடுமாறும் இடம் சப்வூஃபர். பழைய சப்வூஃபருக்குச் சொந்த மின்சாரம் இல்லை. இயக்கியே அதை ஓட்டியது. ரிசீவரின் சப்வூஃபர் துளையில் வருவதோ வலுவற்ற சமிக்ஞை மட்டும். நேராக இணைத்தால் மௌனம்தான். மின்சாரத்தில் இயங்கும் புதிய சப்வூஃபர் வாங்கலாம். அல்லது நடுவில் ஒரு சிறு ஆம்ப்ளிஃபையர் வைக்கலாம். பழையதை விட மனமில்லாத அப்பா இரண்டாவதைத் தேர்ந்தார்.

ஒயர் முனையில் தனிவகைப் பிளக் இருந்தால் வெட்டி, உறையைச் சீவிக் கம்பியை முறுக்கிச் செருகலாம். கோடிட்ட அல்லது நிறமுள்ள ஒயரே பெரும்பாலும் நேர்முனை. ஐயமிருந்தால் 1.5 வோல்ட் பேட்டரியைக் கணநேரம் தொடுங்கள். கூம்பு வெளியே தள்ளினால் பேட்டரியின் நேர்முனை தொட்டதே நேர்முனை. ஒன்று மட்டும் மாறினாலும் அடித்தொனி மெலிந்துபோகும்.

இறுதியாக, ரிசீவரின் அமைப்பில் ஒலிபெருக்கிகளைச் 'சிறியவை' எனக் குறித்து, பிரிக்கும் எல்லையை 150 ஹெர்ட்ஸ் அளவில் வையுங்கள். கைப்பிடியளவு கூம்புகள் அதற்குக் கீழே திணறும். அந்தப் பாரத்தைச் சப்வூஃபர் சுமக்கட்டும்.